ஈரத்துணியும் அடைத்த கதவும்

காலை ஆறரை மணிக்குப் போடிமெட்டு சோதனைச்சாவடிப் பக்கம் நின்று பாருங்கள். போடி, தேவாரம், உத்தமபாளையம் பக்கமிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த ஜீப்புகள் வரிசையாக நிற்கும். எல்லாரும் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் ஊரில் வண்டி ஏறும்போது ஒரு சேலையும் மேலே ஒரு பழைய சட்டையும் போதுமானதாக இருந்திருக்கும். மேலே வந்ததும் மூடுபனி முகத்தில் அடிக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி சூடு குறையும் என்பது கணக்கு. ஓரத்தில் உட்கார்ந்து வந்தவருடைய சேலைத் தலைப்பு வழியிலேயே நனைந்து கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதைப் பிழிந்து உதறிவிட்டு, அதே சேலையோடு சாயங்காலம் வரை செடிக்கு அடியில் குனிந்து நிற்பார்கள்.

நான் சூரியநெல்லிப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவள். தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தேன். ஐப்பசி பிறந்தால் மாசி வரைக்கும் எங்களுக்குக் கூட்டம் ஓயாது. "குளிரு ஒத்துக்கல சிஸ்டர்" என்றுதான் எல்லாரும் உள்ளே வருவார்கள். உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டால் வேறு கதை வரும். நனைந்த துணியை மாற்றாமல் இருந்திருப்பார்கள், கதவை அடைத்துக்கொண்டு கரி மூட்டியிருப்பார்கள், நாள் முழுக்கத் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள், மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஆஸ்பத்திரிக்குப் போவதை மூன்று நாள் தள்ளிப்போட்டிருப்பார்கள். இவை எல்லாம் நம் கையில் இருப்பவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சின்னக்கானல் பக்கம் குளிர் இரண்டு வகையாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மலையாளத்தில் துலாவர்ஷம் என்பார்கள். மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்க நசநசவென்று தூறும். மார்கழி பாதிக்கு மேல் வானம் தெளிந்து காய்ந்த குளிர் வரும். தையில் மூணாறைச் சுற்றி செண்டுவாரை மாதிரி இடங்களில் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, புல்மேல் உப்பு தூவியது போல உறைபனி படியும். பத்திரிகையில் படம் வருவது அந்தக் குளிருக்குத்தான். ஆனால் ஆளை அதிகம் சாய்ப்பது முதல் குளிர் என்பது என் அனுபவம். தெர்மாமீட்டர் 15 டிகிரிதான் காட்டும், உடம்பு வெடவெடவென்று நடுங்கும். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும். காய்ந்த துணிக்குள் இருக்கிற காற்றுதான் நம்மைக் காக்கிறது. துணி நனைந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். அதோடு ஆனையிறங்கல் பக்கமிருந்து காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

என் அம்மா கொழுந்தெடுக்கப் போன காலத்தில் தலையோடு போர்த்துகிற கம்பளி இருந்தது. நனைந்தால் ஒரு மாதிரி நாறும், கனக்கும். ஆனாலும் ஆட்டுமயிர்க் கம்பளிக்கு ஒரு குணம் உண்டு. நனைந்த பிறகும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. இன்றைக்குக் கம்பளி போய் பிளாஸ்டிக் தாள் வந்துவிட்டது. அது மழையைத் தடுக்கும், சரி. ஆனால் உள்ளே வேர்த்த வேர்வை வெளியே போக வழியில்லை. பத்து மணிக்குத் தாளை விலக்கிப் பார்த்தால் ஜாக்கெட் முதுகோடு ஊறிக் கிடக்கும். வேலை நடக்கும்போது குளிர் தெரியாது. சோற்றுக்கு உட்கார்ந்த கால் மணி நேரத்தில்தான் நெஞ்சுக்குள் இறங்கும்.

அதனால் இதைச் செய்யுங்கள். தூக்குச்சட்டியோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் காய்ந்த ஜாக்கெட் ஒன்று, உள்பாவாடை ஒன்று, தலைத்துண்டு ஒன்று கட்டிக்கொண்டு போங்கள். சாப்பிட உட்காருவதற்கு முன்னால் மேலே ஒட்டியிருக்கிற துணியை மாற்றிவிடுங்கள். மாற்ற மறைவிடம் இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து படுதாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். கனமான ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லிசாக இரண்டு சட்டை மேல், ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம். காதையும் தலையையும் மூடுங்கள். ஜீப்பில் ஓரத்து இடத்தில் ஒருவரே தினமும் உட்காராமல் மாறி மாறி உட்காருங்கள். இளைப்பு உள்ளவரையும் மாசமாக இருப்பவரையும் நடுவில் உட்காரவையுங்கள்.

இதைத் தொழிலாளியின் பொறுப்பாக மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றை முதலாளியே கொடுக்கும்படி மாநில அரசுகள் விதி செய்யலாம் என்றது. சுதந்திரம் வந்து நாலு வருஷத்திலேயே எழுதிய சட்டத்தில் கம்பளிக்கு இடம் இருந்தது. தினக்கூலிக்கு மலை ஏறி வருகிற அக்காவுக்கு அந்தக் கம்பளி வந்து சேரவில்லை. அவர் வேலை செய்கிற தோட்டம் சிறியது, அவரும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறவர். ஜீப்பு பேசி ஆள் கூட்டிவருகிறவர்களிடமும் தோட்டக்காரரிடமும் கேட்டுப் பெற வேண்டியது மழைக்கோட்டும், துணி மாற்ற ஒரு கொட்டகையும்.

கால் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் பூட்ஸுக்குள் எட்டு மணி நேரம் ஊறிய காலில் விரலிடுக்கு வெள்ளையாய் வெந்து, சேற்றுப்புண் வரும். இரவில் காலைக் கழுவினால் மட்டும் போதாது, விரல் விரலாகத் துணியால் ஒற்றிக் காயவைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். அவர்களில் பலருக்கு வலி தெரியாது.

இனி நெருப்பு. இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன குடும்பங்கள் தாமன் என்ற மலையூரில் ஒரு விடுதியில் தங்கின. நல்ல குளிர். அறைக்குள் காஸ் ஹீட்டரை வைத்துக்கொண்டு கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டுப் படுத்தார்கள். காலையில் எட்டுப் பேர் எழுந்திருக்கவில்லை. அதில் நாலு பேர் குழந்தைகள். தீ பிடிக்கவில்லை, அறையில் எதுவும் எரிந்து போகவில்லை. கரியோ காஸோ விறகோ, காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

நம் லயங்களில் இரும்புச்சட்டியில் கனன்ற கரியை அள்ளி, பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கு அடியில் வைக்கிற பழக்கம் இருக்கிறது. பழைய தகர வீட்டில் கூரை இடுக்கு வழியாகக் காற்று போய் வந்துகொண்டிருந்தது, பிழைத்தோம். இப்போது கான்கிரீட் போட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி வைத்து, கதவு இடுக்கில் சாக்கை அடைக்கிறோம். அந்த வீட்டுக்குள் கரிச்சட்டி வரவே கூடாது. "புகை அடங்கிப்போச்சு, வெறும் கங்குதான்" என்பார்கள். கங்கு நிலைதான் மோசமானது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க வருகிற பிள்ளைகள் கூடாரத்துக்கு வெளியே கோழி சுட்டுவிட்டு, மிச்சக் கங்கைக் கூடாரத்துக்குள் எடுத்துப்போகிறார்கள். விடுதி வைத்திருப்பவர்கள் ராத்திரி ஒரு நடை போய் அந்த அடுப்புகளில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வர வேண்டும். வண்டியில் ஹீட்டர் போட்டுக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிற டிரைவர் தம்பிகளுக்கும் இதே ஆபத்துதான். ஜன்னல் இல்லாத குளியலறையில் காஸ் கீசர் வைத்திருக்கிறவர்களும் கவனியுங்கள்.

வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்து, வெளியே வந்ததும் கொஞ்சம் தெளிந்தால் அது பித்தமும் இல்லை, சாப்பாட்டுக் கோளாறும் இல்லை. எல்லாரையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சூடு வேண்டுமென்றால் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, துணி சுற்றிப் போர்வைக்குள் கால்மாட்டில் வையுங்கள். இரண்டு பேர் ஒன்றாகப் படுங்கள். தரையில் படுப்பவர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பாய்க்கு அடியில் விரித்தால் பாதிக் குளிர் குறையும்.

அடுப்பு சமையலறையில் எரிந்தாலும் புகை நெஞ்சுக்குத்தான் போகிறது. மழைக்காலத்தில் விறகு ஈரம். ஈர விறகு எரிவதைவிடப் புகைவது அதிகம். பீடியே தொடாத பெண்களுக்கு அறுபது வயதில் லயத்துப் படி ஏற மூச்சு முட்டுகிறது என்றால், நாற்பது வருஷம் ஊதுகுழலோடு உட்கார்ந்த கணக்கு அது. வெட்டிய விறகை ஒரு வாரமாவது அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காயவைத்து எரியுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள்.

இளைப்பு உள்ளவர்கள் இன்ஹேலர் பம்பைப் பற்றி வைத்திருக்கிற பயத்தை மட்டும் என்னால் முழுசாகப் போக்கவே முடியவில்லை. "பம்பு அடிச்சா பழகிப்போயிரும் சிஸ்டர், மாத்திரையாக் குடுங்க." மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிய பிறகுதான் நெஞ்சுக்கு வரும். பம்பு மருந்து நேராக நுரையீரலுக்கே போகிறது, அளவும் மிகக் குறைவு. அதனால் பக்கவிளைவும் குறைவு. டாக்டர் தினமும் அடிக்கச் சொன்ன பம்பை, மூச்சு நன்றாக இருக்கிறது என்று மார்கழியில் நிறுத்தாதீர்கள். அடித்த பிறகு வாயைக் கொப்பளியுங்கள். பிள்ளைகளுக்கு ஸ்பேசர் குழாயோடு கொடுங்கள்.

ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த அன்றைக்கு வருகிற இளைப்பு வேறு. வாயில் எச்சில் ஊறி வழியும், கண்ணில் நீர் கொட்டும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், மூச்சில் விசில் கேட்கும். அதைச் சளி என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஈரத்துணி மருந்தைத் தோலோடு சேர்த்துப் பிடித்துவைக்கும். மழையில் நனைந்த அதே சட்டையோடு மருந்தடிக்கக் கூடாது என்பது அதனால்தான்.

காய்ச்சலுக்கு வருகிறேன். இங்கே நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு கார்த்திகை மாதம் தேவாரத்திலிருந்து காயெடுக்க வருகிற அக்கா ஒருவர் காய்ச்சலோடு வந்தார். தலைவலி, உடம்புவலி. வைரல் காய்ச்சல் ஓடிக்கொண்டிருந்த நேரம். பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார், மறுபடியும் அதையே கொடுத்தேன். ஆறாம் நாள் ஜீப்பிலிருந்து இறக்கும்போது மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது. தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மார்புக்கு அடியில் மடிப்பில் ஒரு கருப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார்கள். சிகரெட்டால் சுட்டு ஆறியது போல, ஒரு மிளகு அகலத்துக்கு. சுற்றிலும் லேசான சிவப்பு. வலி இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். துணியை விலக்கிப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அது உண்ணிக்காய்ச்சல். மலையாளத்தில் செள்ளுப்பனி என்பார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. மழை விட்டுப் புல் வளர்ந்து கிடக்கிற இந்த மாதங்களில்தான் நம் பக்கம் அதிகம். கடித்து ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையிலேயே இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். அந்த அக்கா பிழைத்து வந்தார். தை மாதம் பார்க்க வந்தபோது ஒரு பை நிறைய மொச்சைக்காய் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "நீங்க என்ன செய்வீங்க சிஸ்டர், நான் காட்டியிருக்கணும்ல" என்றார். அந்தப் பழியை அவர் எடுத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் சொல்கிறேன். காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டுகிற இடம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தை அக்கா, தங்கச்சி, மகள், மருமகள் யாராவது டார்ச் அடித்துப் பார்க்கட்டும். கருப்புப் பொருக்கு இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். ஆகவே "நான் ஏலத்தோட்டத்தில், புல்லுக்குள் வேலை செய்கிறேன்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். தோட்டத்தில் சேலையைப் புதர்மேல் காயப்போடாதீர்கள், புல்லில் வெறுமனே படுக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் துணியை வெந்நீரில் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள்.

கெண்டைக்கால் வலி தாங்க முடியாமல், கண் சிவந்து, மூத்திரம் மஞ்சளாகக் குறைந்து போனால் எலிக்காய்ச்சலை நினையுங்கள். காலில் வெடிப்போ புண்ணோ வைத்துக்கொண்டு தேங்கிய தண்ணீரில் வேலை செய்கிறவர்களுக்கு வருவது. கேரளத்தில் சுகாதாரப் பணியாளர்கள் மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை போடச் சொல்லி மாத்திரை தருவார்கள். அதை வாங்கி அலமாரியில் வைக்காமல், அவர்கள் சொன்ன முறைப்படி போடுங்கள்.

சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எந்தப் பயனும் தராது. கேரளத்தில் 2024 முதல் சீட்டு இல்லாமல் அதை விற்பதைத் தடுக்கத் தனியாகச் சோதனையே நடத்துகிறார்கள். இங்கே கிடைக்கவில்லை என்று கீழே இறங்கும்போது எங்காவது வாங்கி நாலு மாத்திரை போட்டுவிட்டு நிறுத்துகிறவர்களை எனக்குத் தெரியும். பிறகு நிமோனியா என்று உண்மையாகவே தேவைப்படும்போது அந்த மருந்து கேட்காது. சுக்கு, மிளகு, துளசி போட்டுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள். தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணீரும் சேரும். அதைக் குடித்துக்கொண்டே நாலு நாள் காத்திருக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், மாசமாக இருப்பவர்கள், இளைப்பு, சர்க்கரை, இதயநோய் உள்ளவர்கள் ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது வருஷா வருஷம் போட வேண்டியது.

குழந்தை விஷயத்தில் சில பழக்கங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்திருக்கிறேன். எண்ணெயில் கற்பூரம் கரைத்துக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது, கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டுவது வேண்டாம். கற்பூரம் சிறு குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், அது நுரையீரலுக்குப் போய்த் தங்கும். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், குளிர்ச்சி என்று மாமியார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். நிமோகாக்கல் தடுப்பூசி ஆறாம் வாரம், பதினாலாம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று அரசே இலவசமாகப் போடுகிறது. நம் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அந்தத் தாய்மார்களுக்கு இது எந்த நாளில், எங்கே போடுகிறார்கள் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் இருந்தால் அழைத்துக்கொண்டு போங்கள்.

சளி பிடித்த குழந்தைக்கு நிமோனியாவா இல்லையா என்று வீட்டிலேயே ஓரளவு கணிக்க முடியும். பிள்ளை தூங்கும்போது, அல்லது அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஃபோன் கடிகாரத்தில் ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே புறப்படுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு விடியற்காலம்தான் கண்டம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்மாதங்களில் கூடுவது உலகம் முழுக்கப் பார்த்த உண்மை. படுக்கையை விட்டு எழுந்து நேராக வெளிக்கதவைத் திறக்காதீர்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, தலையை மூடிக்கொண்டு, பிறகு போங்கள். பிரஷர் மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். மூணாறு போகிற கேப் ரோட்டில் மண் சரிந்தால் எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குளிருக்கு என்று சாராயம் குடிக்கிற அண்ணன்மாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குடித்ததும் சூடாக இருப்பது போலத் தெரிவது, உள்ளே இருக்கிற சூடு தோலுக்கு வந்து வெளியே போவதால்தான். குடித்துவிட்டு மார்கழி இரவில் வழியில் விழுந்து கிடந்தவரைக் காலையில் விறைத்த உடம்பாகத் தூக்கிவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் பற்றிக் கேட்டால் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். தாகம் எடுக்கவில்லை என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை, ஆண்கள் நிற்கிறார்கள், அட்டை கடிக்கும், ஆனை நிற்கும். காலையில் ஒரு கடுங்காப்பியைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு, கல்லடைப்பு, அடிவயிற்று வலி என்று தை மாதம் எங்களிடம் வரிசையாக வருவார்கள். ஃப்ளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோங்கள், மணிக்கு ஒரு முறை நாலு மடக்குக் குடியுங்கள், இரண்டு பேராகச் சேர்ந்து போய்வாருங்கள் என்று நான் சொல்லலாம். ஆனால் இதற்கு உண்மையான மருந்து கழிப்பறை. அதே 1951 சட்டம் குடிநீரையும் கழிப்பறையையும் கம்பளிக்கு முன்னாலேயே, எட்டாம் ஒன்பதாம் பிரிவுகளில் சொல்லிவிட்டது.

கடைசியாக நேரம். மற்ற ஊர்களில் உடம்பு முடியவில்லையென்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஆட்டோ கிடைக்கும். சின்னக்கானலில், 301 காலனியில், சிங்குகண்டத்தில் அப்படி இல்லை. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற ஆனையைப் பிடித்துக் கொண்டுபோன பிறகும் மற்ற ஆனைகள் இங்கேதான் இருக்கின்றன. இருட்டிய பிறகு மூடுபனியில், பத்தடி முன்னால் ஆனை நிற்பது தெரியாத பாதையில், மூச்சுத் திணறுகிறவரைத் தூக்கிக்கொண்டு போவது லேசான காரியமா? நோயோ இருட்டினால்தான் கூடும். இளைப்பும் பிள்ளைகளின் மூச்சுத்திணறலும் நடுராத்திரிக்கு மேல்தான் முற்றும். அதனால் சாயங்காலம் நாலு மணியை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு நோயாளியைப் பாருங்கள். நேற்றைவிட மோசமா? சாப்பிட்டாரா? மூத்திரம் போனாரா? ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடிகிறதா? சந்தேகம் வந்தால் வெளிச்சம் இருக்கும்போதே அடிமாலிக்கோ போடிக்கோ இறங்கிவிடுங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், வண்டிக்கூலிதான் நஷ்டம்.

108 இரண்டு மாநிலத்திலும் ஒரே எண். டாக்டரிடம் ஃபோனில் கேட்கக் கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104. எல்லை ஓரத்தில் சில இடங்களில் ஃபோன் மற்ற மாநிலத்து டவரைப் பிடித்து, அழைப்பு அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். எடுத்தவுடன் எந்த ஊர், எந்த மாவட்டம் என்று முதலில் சொல்லுங்கள். வீட்டுக்கு அருகில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதைப் பகலிலேயே பார்த்து வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். எங்கள் லயத்தில் தண்ணீர்த்தொட்டிக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். அந்தப் பாறைக்குப் போகிற வழியில் பாசி பிடித்த ஐந்து படி உண்டு. ஒவ்வொரு ஐப்பசியிலும் சுண்ணாம்பும் சாம்பலும் போட்டு அந்தப் படிகளைத் தேய்த்துவிடுவோம்.